காமிலோபார்டு: ஒரு பழம்பெயரின் சரித்திரம்

(மிருகங்களும் மன்னர்களும் – வரலாற்றுத் தொடர், பகுதி 7)

சென்ற பகுதியில், அலெக்சாந்திரியாவிலிருந்து எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்து மன்னர்கள் போர் யானைகளைப் பிடிப்பதற்காகச் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலே வேட்டைப் பாளையங்களை நிறுவிய வரலாற்றையும், அந்த யானைகளைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட கனத்த மரக்கலங்கள் மணல் திட்டுகளில் தட்டிச் சிதைந்த துயரங்களையும் கண்டோம். யானையைத் தேடிச் சென்ற அவ்வேடர்கள் யானையோடு மட்டும் திரும்பவில்லை. கிரேக்கர் அதுகாறும் பெயரிட்டறியாத பிராணிகள் பலவும் அவர்களுடைய கலங்களிலும் கூடுகளிலும் ஏறி வடதிசை வந்து சேர்ந்தன. அவற்றுள் மிக நெடியதும் மிகச் சாதுவானதுமாகிய ஒன்றிற்கு, ஐரோப்பிய பாஷைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வழங்கி வந்து, பின்னர் ஒரு நூற்றாண்டுக்குள் கைவிட்டுவிட்ட பெயரொன்று உண்டு. ஆங்கிலத்தில் அது காமிலோபார்டு என்று வழங்கியது. நாம் ஒட்டகச்சிவிங்கி என்று அழைக்கும் அம்மிருகத்தின் அப்பழம்பெயர் பிறந்த விதத்தையும், அது மிருகத்தை விட்டுப் பிரிந்து தனியே உலாவிய காலத்தையும் இப்பகுதியில் சொல்ல விழைகிறேன்.

எகிப்தியருக்கு இப்பிராணி புதிதன்று. அவர்களுடைய சித்திர எழுத்துகளுள் நீண்ட கழுத்தோடு நிற்கும் இம்மிருகத்தின் உருவமும் ஒன்று. 'வருவதை முன்னுரைத்தல்' என்று பொருள்படும் வினைச்சொல்லை எழுதுகையில் அவர்கள் அவ்வுருவத்தைச் சேர்த்தே எழுதினார்கள். தேபஸ் நகரத்தில் ரெக்மிரே என்ற அமைச்சனின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டிலே தீட்டப்பட்ட ஓவியமொன்றில், நூபிய நாட்டார் திறைப்பொருள்களோடு வரிசையாக வருகிறார்கள். அவர்களிடையே கால்களில் கயிறு கட்டி நடத்திவரப்படும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு குரங்கு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த ஓவியன் அம்மிருகத்தைக் கண்ணாரக் கண்டவன் என்பதற்கு அக்குரங்கைக் காட்டிலும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

கிரேக்கருடைய நிலை வேறு. இரண்டாம் தாலமி மன்னன், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அலெக்சாந்திரியாவில் நடத்திய மாபெரும் ஊர்வலத்தை ரோட்ஸ் தீவினனாகிய கல்லிக்செனஸ் என்பவன் விரிவாக வர்ணித்திருந்தான். அந்நூல் அழிந்துபோயினும், பிற்காலத்தவனான ஆதெனேயஸ் அதிலிருந்து எடுத்தெழுதி வைத்த பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. யானைகள் பூட்டிய ரதங்களும், குங்குமப்பூவும் இலவங்கமும் சாம்பிராணியும் சுமந்த ஒட்டகங்களும், ஆயிரக்கணக்கான வேட்டை நாய்களும் சென்ற அவ்வூர்வலத்தில், எத்தியோப்பியக் காண்டாமிருகம் ஒன்றும், ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் சென்றன. யானையும் ஒட்டகமும் கூட்டங் கூட்டமாகச் செல்ல, இவை ஒற்றையாய்ச் சென்றதிலிருந்தே இவற்றின் அருமையை ஊகிக்கலாம்.

கிரேக்கர் அதற்கு இட்ட பெயர் காமேலோபார்டாலிஸ் என்பது. காமேலோஸ் என்றால் ஒட்டகம். பார்டாலிஸ் என்றால் சிறுத்தை. உருவத்தில் ஒட்டகத்தையும் உடற்புள்ளிகளில் சிறுத்தையையும் ஒத்திருந்தமையால் இரண்டையும் இணைத்துப் பெயரிட்டார்கள். தெரியாத ஒன்றிற்குத் தெரிந்த இரண்டைக் கூட்டிப் பெயர் வைப்பது அவர்களுக்கு இயல்பான வழக்கம். நீர்யானையை அவர்கள் ஆற்றுக்குதிரை என்றார்கள். தீக்கோழியை ஒட்டகக் குருவி என்றார்கள்.

ஆயினும், ஒப்புமையைக் குறிக்க எழுந்த பெயர் சிறிது காலத்திற்குள் பிறப்பைக் குறிப்பதாக ஜனங்கள் மனத்தில் மாறிவிட்டது. ஒட்டகத்தைப் போன்றும் சிறுத்தையைப் போன்றும் இருக்கும் பிராணி என்பது போய், ஒட்டகத்திற்கும் சிறுத்தைக்கும் பிறந்த பிராணி என்ற அபிப்பிராயம் வேரூன்றியது. இதற்கு இடங்கொடுத்தது அரிஸ்டாட்டில் காலத்திலேயே நிலவிய ஒரு கொள்கை. லிபியா என்று கிரேக்கர் அழைத்த ஆப்பிரிக்க நிலப்பரப்பில் மழை அருமை. ஆகவே சில நீர்நிலைகளிலேயே எல்லா மிருகங்களும் வந்து கூடவேண்டியிருக்கிறது. அங்கே, அளவிலும் கருப்பகாலத்திலும் பெரிதும் மாறுபடாத இரு வேறு இனங்கள் கூடிப் புதிய பிராணிகளைப் பெறுகின்றன. ஆகையினால்தான் அந்நாடு என்றும் புதுமைகளைத் தந்துகொண்டிருக்கிறது என்பது அக்கொள்கை. அரிஸ்டாட்டில் நம் மிருகத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதியிராவிட்டாலும், பின்வந்தோர் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அக்கொள்கையை அதனோடு பொருத்திக்கொண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டிலே உலக சரித்திரம் எழுதிய டியோடோரஸ், இது இரு மிருகங்களின் கலப்பென்று பெயரே காட்டுகிறது என்ற முறையில் பேசுவதோடு நில்லாமல், ஒட்டகத்திற்குள்ள திமிலையும் இதன் முதுகில் ஏற்றிவிடுகிறான்! இல்லாத திமிலை அவனுடைய கண் காணவில்லை. காமேலோஸ் என்ற சொல்லே அதை அவனுக்குக் காட்டியிருக்கிறது.

சிறுத்தையின் பெயருக்கும் இதே விதி நேர்ந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. லெப்பர்டு என்ற சொல் சிங்கத்தைக் குறிக்கும் லியோ என்பதும் பார்டு என்பதும் சேர்ந்து உண்டானது. பெண் சிங்கத்திற்கும் பார்டு என்னும் ஆண் மிருகத்திற்கும் பிறந்தது அது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆக, காமிலோபார்டின் தந்தையாகக் கருதப்பட்ட மிருகமும் கலப்புப் பிறவியென்ற பழியிலிருந்து தப்பவில்லை.

தாலமி மன்னர்களின் அதே அலெக்சாந்திரியாவில், அவ்வூர்வலம் நடந்த அதே நூற்றாண்டில், யூதருடைய வேத நூலின் முதல் ஐந்து ஆகமங்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. உண்ணத்தக்க மிருகங்களை எண்ணும் உபாகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஜெமெர் என்றொரு எபிரேயச் சொல் வருகிறது. மலையாடு போன்ற ஏதோ ஒரு பிராணியைக் குறித்திருக்க வேண்டிய அச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் காமேலோபார்டாலிஸ் என்று எழுதிவிட்டார்கள். பாலஸ்தீன நாட்டு மலைகளில் ஒட்டகச்சிவிங்கி எங்கிருந்து வரும்? ஆயினும் இந்தப் பிழை நம் சரித்திரத்திற்குப் பேருபகாரமாய் அமைந்தது. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வேதத்திற்குள்ளும் அது புகுந்தது. பின்னாளில் ஐரோப்பாவெங்கும் அம்மிருகத்தைக் கண்ட ஒருவரும் இல்லாதிருந்த காலத்திலும், மடாலயங்களில் வேதம் ஓதிய துறவிகளின் நாவில் அப்பெயர் வழங்கிக்கொண்டேயிருந்தது.

ரோமாபுரி அப்பிராணியை முதன்முதல் கண்டது கி.மு. 46ஆம் ஆண்டில். கால், எகிப்து, பொன்டஸ், ஆப்பிரிக்கா ஆகிய நான்கு வெற்றிகளுக்கும் நான்கு விழாக்கள் எடுத்த ஜூலியஸ் சீசர், அவ்விழாக்களின் வேடிக்கைகளோடு ஒரு காமேலோபார்டாலிஸையும் மக்களுக்குக் காட்டினார். அக்காலத்திலேயே லத்தீன் மொழியைப் பற்றி நூல் செய்துகொண்டிருந்த வர்ரோ, இது அண்மையில் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்ததென்றும், உருவம் ஒட்டகம், புள்ளி சிறுத்தை என்பதனால் இப்பெயர் பெற்றதென்றும் சொல்லிலக்கணக்காரருக்குரிய சுருக்கத்தோடு குறித்துவைத்தான். நாடகம் நடந்துகொண்டிருக்கையில் ஜனங்கள் நாடகத்தை விட்டுவிட்டு ஒட்டகமும் சிறுத்தையும் கலந்த பிராணியையோ வெள்ளை யானையையோ வாய்பிளந்து பார்க்கிறார்களே என்று கவி ஹொரேஸ் நொந்துகொண்டான். சீசருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய டியோ காசியஸ் தரும் வர்ணனை இவற்றினும் நுட்பமானது: பின்னங்கால்கள் குட்டையாதலால் பிருஷ்டத்திலிருந்து உடல் படிப்படியாக உயர்ந்து, ஏதோ ஒரு மேட்டின் மீது ஏறிக்கொண்டிருப்பது போலத் தோன்றுகிறதென்று அவன் சொல்லுகிறான். நின்ற இடத்திலேயே மேடேறுவது போன்ற அத்தோற்றம் இன்றும் அதைப் பார்ப்பவர் எவருக்கும் தெரியக்கூடியதே.

பிளினியின் 'இயற்கை வரலாறு' இன்னும் ஒரு விசேஷத்தைச் சொல்லுகிறது. எத்தியோப்பியர் இதை நாபுன் என்று அழைப்பதாகவும், கழுத்து குதிரையையும் காலும் பாதமும் எருதையும் தலை ஒட்டகத்தையும் ஒக்குமென்றும், செந்நிறத்தின் மீது வெண்புள்ளிகள் கொண்டதென்றும் எழுதிவிட்டு, சீசரின் விழாவுக்குப் பின் அவ்வப்போது காணப்பட்டு வரும் இப்பிராணி மூர்க்கத்தினாலன்றித் தோற்றத்தினாலேயே பெயர் பெற்றதாதலால் அதற்குக் காட்டுச்செம்மறி என்ற பெயரும் ஏற்பட்டதென்கிறான். இந்த இடத்தில் ரோமருடைய ஏமாற்றம் தெரிகிறது. ஒட்டகமும் சிறுத்தையும் கலந்ததென்று பெயரைக் கேட்டுக் கொடிய விலங்கொன்றை எதிர்பார்த்து வந்து கூடிய கூட்டத்தின் முன்னே, இலை தின்னும் சாதுப்பிராணி ஒன்று வந்து நின்றால் அதற்குச் செம்மறியென்று பெயர் வையாமல் வேறென்ன வைப்பார்கள்!

இவ்வளவு பேரும் பெயரின் வழியே மிருகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மிருகத்தையே பார்த்துப் பெயரை மறுத்தவன் பூகோள ஆசிரியனாகிய ஸ்திராபோ. முற்காலத்து நூலாசிரியரெல்லாருள்ளும் இவ்விஷயத்தில் நான் மனமார மதிப்பவன் அவன் ஒருவனே. இம்மிருகங்கள் எவ்வகையிலும் சிறுத்தையைப் போன்றவையல்ல. தோலின் புள்ளிகள் மான்குட்டியின் தோலையே பெரிதும் ஒத்திருக்கின்றன. பின்புறம் மிகத் தாழ்ந்திருத்தலால் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. இது காட்டுவிலங்கென்பதும் பொருந்தாது, மூர்க்கம் சிறிதும் காட்டாமையால் வீட்டு மிருகத்தின் தன்மையே உடையது என்று அவன் எழுதினான். வேகத்தில் இதற்கு நிகரில்லை என்று முந்தைய பூகோள ஆசிரியன் அர்ட்டெமிடோரஸ் கூறியிருந்ததையும், உடலின் இந்தப் பொருத்தமின்மையைக் காரணமாகக் காட்டி, மறுத்தான். இந்தக் கடைசி மறுப்பு தவறு. ஒட்டகச்சிவிங்கி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. ஆயினும் சிறுத்தையை மறுத்து மானைச் சொன்ன அவனுடைய கூற்று எத்துணைத் தொலைநோக்குடையது என்பது, 1758ஆம் ஆண்டில் இயற்கையறிஞர் லின்னேயஸ் இப்பிராணியை மான்களின் வரிசையிலே வைத்தபோதுதான் விளங்கியது. ஸ்திராபோவுக்கும் லின்னேயஸுக்கும் இடையே ஏறக்குறைய 1,750 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ரோமச் சக்கரவர்த்திகளின் விழாக்களில் இம்மிருகம் பட்ட பாட்டை விரிக்க விருப்பமில்லை. கொம்மோடஸ் என்ற கொடியவன் அரங்கத்தில் தன் கையாலேயே ஒன்றைக் கொன்று களித்தான். ரோமாபுரியின் ஆயிரமாவது ஆண்டுவிழா கி.பி. 248இல் நடந்தபொழுது, மூன்றாம் கோர்டியன் திரட்டி வைத்திருந்த பத்து ஒட்டகச்சிவிங்கிகள் அவ்விழாவில் காட்டப்பட்டனவாகப் பழைய சரிதை ஒன்று கூறுகிறது.

இவ்வரங்கங்களின் ஆரவாரத்தைவிட, ஒரு கதையாசிரியன் எழுதிவைத்த காட்சியே என் மனத்துக்கு இனியது. ஹெலியோடோரஸ் என்பவன் கிரேக்கத்தில் எழுதிய 'எத்தியோப்பியக் கதை'யின் இறுதிப் பகுதியில், மெரோயே நகரத்து அரசனாகிய ஹைடாஸ்பஸின் வெற்றிவிழாவுக்கு அக்சூம் நாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த காணிக்கை இப்பிராணியே. உடலெங்கும் பூக்கள் போன்ற புள்ளிகள், பின்பாகம் சிங்கத்தினுடையதைப் போலத் தாழ்ந்து, தோளும் மார்பும் உயர்ந்து, மெல்லிய கழுத்து அன்னத்தின் கழுத்தென நீண்டு, அதன் நுனியிலே ஒட்டகத்தின் தலையை ஒத்த சிறு தலை, மையிட்டாற்போன்ற கண்கள். அதன் நடையை அவன் கவனித்திருக்கும் விதம் வியப்பூட்டுவது. பிற நாற்கால் பிராணிகளைப் போல மாறுகால் வைத்து நடவாமல், வலப்புறத்துக் கால்களிரண்டையும் ஒருங்கே எடுத்து வைத்துப் பின் இடப்புறத்துக் கால்களிரண்டையும் ஒருங்கே எடுத்து வைக்கிறது என்று எழுதுகிறான். அது முற்றிலும் உண்மை. இத்தனை பெரிய உடம்பை, தலையிலே சுற்றிய ஒரு மெல்லிய கயிற்றினால் பாகன் தன் விருப்பப்படி நடத்திச் செல்லுகிறான். அதைக் கண்ட கூட்டம் ஒருவரும் சொல்லிக்கொடாமலே, கண்ணிற்பட்ட லட்சணங்களைக் கொண்டு, அங்கேயே அதற்குக் காமேலோபார்டாலிஸ் என்று பெயரிட்டுவிட்டதாம். பலிபீடத்தருகே கட்டியிருந்த காளையும் குதிரைகளும் அப்புதுமையைக் கண்டு வெருண்டு கட்டறுத்து ஓடுகின்றன. அதிலிருந்து கதை வேறு திசையில் திரும்புகிறது.

மேற்கிலே ரோமாபுரி வீழ்ந்தபின்னும் கிழக்கிலே கான்ஸ்டாண்டினோபிளுக்கு இம்மிருகங்கள் சில வந்துகொண்டிருந்தன. கி.பி. 496ஆம் ஆண்டில் அனஸ்டாசியஸ் சக்கரவர்த்திக்கு 'இந்தியா'விலிருந்து ஒரு யானையும் இரண்டு காமேலோபார்டாலிஸ்களும் காணிக்கையாக வந்தனவென்று அக்காலத்து வருஷக் குறிப்பொன்று கூறுகிறது. நம் நாட்டில் இம்மிருகம் இல்லை. செங்கடலுக்கு அப்பாலுள்ள தேசங்களையெல்லாம், எத்தியோப்பியா உட்பட, இந்தியா என்று எழுதிவிடுவது அக்காலத்து வழக்கம். அடுத்த நூற்றாண்டில் எத்தியோப்பியாவுக்குச் சென்றுவந்த வணிகத் துறவி காஸ்மாஸ், அரண்மனையில் குட்டியிலிருந்தே பழக்கி வளர்க்கப்பட்ட ஒட்டகச்சிவிங்கிகளைப் பற்றி எழுதியிருக்கிறான்: பாலோ தண்ணீரோ பாத்திரத்தில் வைத்தால், முன்னங்கால்களை இருபுறமும் அகல விரித்தாலன்றி அதற்கு வாய் எட்டாதாம். இதை நேரில் பாராதவன் எழுதமுடியாது.

அதன்பின் ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் பல நூற்றாண்டுகள் மிருகம் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. பெயர் மட்டும் தனியே வாழும்பொழுது என்ன நேரும் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டுக் கலைக்களஞ்சியங்கள் சான்று. பிளினி சொன்ன நாபுன் என்ற எத்தியோப்பியச் சொல் பிரதியெடுப்போர் கையில் சிதைந்து அனாபுலா என்றாகி ஒரு மிருகமாயிற்று. காமேலோபார்டஸ் இரண்டாவது மிருகமாயிற்று. அராபியர் வாயிலாக வந்த பெயர் சிதைந்து ஒராஃப்ளஸ், ஒராஸியஸ் என்றெல்லாம் உருமாறி மூன்றாவது மிருகமாயிற்று. ஒரே பிராணி மூன்று தலைப்புகளில் மூன்று பிராணிகளாக அந்தப் பெரும் பண்டிதர்களின் கிரந்தங்களில் நடமாடியது. இத்தனைக்கும் அதே நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தி எகிப்து சுல்தானிடமிருந்து பெற்ற உயிருள்ள ஒட்டகச்சிவிங்கி ஒன்று இத்தாலியில் இருந்தது!

அராபியர் இதை ஸராஃபா என்றனர். கூட்டம், தொகுதி என்று பொருள்படும் சொல்லோடு அதை அவர்களுடைய அகராதிக்காரர்கள் இணைத்துக் காட்டினார்கள். பல மிருகங்களின் அவயவங்கள் ஒன்றுகூடியது என்பது கருத்து. பாரசீகத்தில் அதன் பெயர் உஷ்துர்-காவ்-பலங்: ஒட்டகம், பசு, சிறுத்தை. வடமொழியின் உஷ்ட்ரத்தையும் கோவையும் அறிந்தவர்களுக்கு அதன் முதலிரண்டு உறுப்புகளும் நெருங்கிய உறவினராகத் தோன்றும். அப்பெயரைப் பிடித்துக்கொண்டு, கழுதைப்புலிக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்தது காட்டுப்பசுவைக் கூடி இதை ஈன்றதென்று அங்கும் வம்சாவளி கட்டினார்கள். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த பேரறிஞர் அல்-ஜாஹிஸ் தம் 'விலங்கு நூலி'லே அக்கதையை எடுத்துரைத்து, அதை நம்ப மறுத்தார். நம்மவரும் தொல்காப்பிய மரபியலிலேயே இடம்பெற்றுவிட்ட ஒட்டகத்தையும், அரசர்கள் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கியையும் இணைத்தே இதற்குப் பெயர் சமைத்துக்கொண்டோம். ஆனால் அப்பெயரைக் கொண்டு அதன் பிறப்பைப் பற்றிக் கதை கட்டவில்லை.

ஸராஃபா என்ற அரபுச் சொல் இத்தாலியத்தில் ஜிராஃபா ஆயிற்று. பழம்பெயருக்குப் போட்டி அன்றே தொடங்கிவிட்டதென்றாலும், வெற்றி தோல்வி தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1487ஆம் ஆண்டு நவம்பரில், எகிப்து சுல்தான் காயித்பே, பிளாரன்ஸ் நகரத்தின் அதிபதியாக விளங்கிய லொரென்சோ தெ மெடிசிக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியை அனுப்பிவைத்தார். அது நகரத்து வீதிகளில் நடத்திச் செல்லப்பட்டது. ஓவியர்கள் அதைத் தீட்டினார்கள். சில மாதங்களுக்குள்ளேயே கொட்டகையின் உத்தரத்தில் தலை சிக்கிக் கழுத்து முறிந்து அது மாண்டது. அந்நாளில் அந்நகரத்திலிருந்த பொலிட்சியானோ கிரேக்க லத்தீன் நூல்களைக் கரைத்துக் குடித்த பண்டிதன். ஹெலியோடோரஸும் டியோவும் எழுதிய வர்ணனைகளைத் தான் கண்ணெதிரே கண்ட மிருகத்தோடு ஒப்பிட்டு நோக்கி, இதன் தலையில் சிறு கொம்புகள் இருக்கின்றனவே, முன்னோரில் ஒருவரும் அவற்றைச் சொல்லவில்லையே என்று 1489இல் வெளிவந்த தன் நூலில் அவன் வியந்தெழுதினான். ஒட்டகத்துக்கும் கொம்பில்லை, சிறுத்தைக்கும் கொம்பில்லை. பெயரில் இல்லாத கொம்பு அவன் ஒப்பிட்ட ஏடுகளில் ஏறவேயில்லை. அந்த மிருகம் இறந்து முப்பதாண்டு கடந்தபின், சீசருக்கு நாடுகள் திறை கொணரும் காட்சியை மெடிசி குடும்பத்தாரின் மாளிகைச் சுவரில் தீட்டிய அந்திரேயா தெல் சார்ட்டோ, அதன் உருவத்தையும் அக்காட்சியில் சேர்த்தான்.

ஆங்கிலத்தில் இப்பெயர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ட்ரெவீசா என்ற பாதிரியார் லத்தீனிலிருந்து பெயர்த்த களஞ்சியத்தின் வாயிலாகப் புகுந்தது. பார்டு என்ற பழஞ்சொல்லை மறந்து லெப்பர்டை மட்டுமே அறிந்திருந்த பிற்காலத்து ஆங்கிலேயர் பலர் அதைக் 'காமெலியோபார்டு' என்று மாற்றி எழுதினர். டச்சுக்காரரிடம் நேர்ந்த மாற்றம் இன்னும் பெரிது. அவர்களுடைய மொழியில் பார்டு என்று ஒலிக்கும் சொல் குதிரையைக் குறிக்கும். ஆகவே சிறுத்தை மறைந்து ஒட்டகக் குதிரையாயிற்று. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இன்றும் அதன் பெயர் கமேல்பெர்டு, அதாவது ஒட்டகக் குதிரை என்பதே. அது மேயும் முள்மரத்திற்கும் ஒட்டகமுள் என்று பெயர். அந்த மண்ணில் ஒட்டகம் இயற்கையாக வாழ்ந்ததே கிடையாது என்பதை நினைத்தால், அலெக்சாந்திரியாவில் புறப்பட்ட ஒரு சொல் எத்தனை தொலைவு நடந்திருக்கிறது என்பது தெரியும்.

1607ஆம் ஆண்டில் நாற்கால் பிராணிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட டாப்ஸெல் பழம்பெயரையே தலைப்பாகக் கொண்டான். 1612இல் டச்சு தேசத்துப் பூகோளப் படக்காரனாகிய பிளாங்கியஸ், வடதுருவத்தை அடுத்து, பழையவர்கள் எந்த உருவமும் கற்பியாமல் விட்டிருந்த மங்கலான நட்சத்திரப் பரப்பிலே இம்மிருகத்தை வரைந்து அதற்குக் காமேலோபார்டாலிஸ் என்று பெயரிட்டான். 1624இல் அதை விளக்கி எழுதிய பார்ட்ஷ் என்பவன், ஈசாக்கை மணக்கச் சென்ற ரெபெக்காள் ஏறிச் சென்ற ஒட்டகம் இது என்று கூறிவிட்டான். பெயரின் முற்பாதி பிற்பாதியை விழுங்கிய இடம் அது. 1755இல் வெளிவந்த டாக்டர் ஜான்சனின் அகராதி, காமிலோபார்டு என்பதை அபிசீனிய விலங்கென்றும், யானையினும் உயரமானதாயினும் அத்துணைப் பருமனற்றதென்றும் விளக்கி, இத்தாலியர் வழங்கும் பெயரையும் உடன் தருகிறது. அவ்வகராதியைத் தொகுத்த மேதையும் அவ்விலங்கை உயிரோடு பார்த்தவரல்லர். பார்ப்பதற்கு அன்றைய இங்கிலாந்தில் ஒன்றுகூட இல்லை.

நிலைமை மாறியது 1827இல். எகிப்தின் முகம்மது அலி பாஷா பிரெஞ்சு அரசனுக்கும் ஆங்கில அரசனுக்கும் ஆளுக்கொன்றாக அனுப்பிய ஒட்டகச்சிவிங்கிகள் அவ்வாண்டிலே பாரிஸையும் லண்டனையும் அடைந்தன. 1836இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்கு நான்கு ஒருங்கே வந்து சேர்ந்தன. அவற்றிற்கெனக் கட்டிய உயர்ந்த கூடத்தில் அவ்வினம் நெடுங்காலம் வாழ்ந்தது. குழந்தைகளும் தாய்மாரும் வேலி ஓரம் நின்று அதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அரபிலிருந்து வந்த சிறிய பெயரே நாவுக்கு எளிதாயிருந்தது. ஏட்டிலே வாழ்ந்த மிருகத்திற்கு ஏட்டுப்பெயர் போதுமானதாயிருந்தது. கண்முன் நின்று தழை கேட்ட மிருகத்திற்கு அது பொருந்தவில்லை என்றே நான் கருதுகிறேன். அதன்பின் பழம்பெயர் விளையாட்டுப் பேச்சுக்குரியதாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, அந்தியோகு நகரத்துப் பித்தன் போன்ற அரசனொருவன் இம்மிருகத்தின் தோலைப் போர்த்துக் குதிக்கும் கதையொன்றிற்கு அதைப் பெயராக்கினார். மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலிலே ஊர் ஊராய் ஏமாற்றித் திரியும் இருவர், அரசனின் காமிலோபார்டு என்ற மகத்தான நாடகம் நடக்கப்போவதாக விளம்பரம் ஒட்டிப் பணம் பறிக்கிறார்கள். திரை விலகினால், உடலெங்கும் வர்ணம் பூசிய ஒருவன் நாற்காலால் தாவி வருகிறான், அவ்வளவே. பொருள் இன்னதென்று எவருக்கும் தெரியாமலே பெரிதாய் ஒலிக்கும் சொல் வேண்டியிருந்த அவ்விருவருக்கும் 1884ஆம் ஆண்டளவில் அச்சொல் தகுதியாயிருந்தது.

சாஸ்திரம் மட்டும் இரு பெயர்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. ஜிராஃபா காமேலோபார்டாலிஸ் என்ற விலங்கியற் பெயரில் அரபும் கிரேக்கமும் அருகருகே நிற்கின்றன. லின்னேயஸ் அதை மான்களோடு சேர்த்ததும் நிலைக்கவில்லை. அதற்கெனத் தனிக் குடும்பம் வகுத்தார்கள். அதன் மெய்யான உறவினன் யார் என்பது, 1901இல் காங்கோக் காட்டின் ஒகாபி விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்த பின்னரே துலங்கியது. ஒகாபியின் தோலில் புள்ளியே இல்லை. தொடையிலும் கால்களிலும் வரிகளே உண்டு.

முகம்மது அலி பாஷா பிரான்சுக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி 1826ஆம் ஆண்டு அக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து, 1827ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், விலங்கியற் பேராசிரியர் ஜெஃப்ராய் செயின்ட்-இலேர் உடன் நடக்க, பால் கொடுக்கும் பசுக்களும் சூடானியப் பராமரிப்பாளரும் சூழ, பாரிஸை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டது. அந்த நாற்பது நாள் பயணத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.